ஏழாம் நம்பர் சகோதரி

காலை ஒன்பதரைக்கு ஜெபப்பட்டியல். ஒன்பது இருபத்தைந்துக்கே ஸ்டுடியோவின் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். ஓடவிட்டால் அதுவும் மைக்கில் பேசும்; நிறுத்தினால் உள்ளே இருப்பவர் அவிந்துபோவார். பட்டியலம்மா பதினெட்டு வருடமாக அவிந்துகொண்டுதான் படிக்கிறாள். எதிரே ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு கைக்குட்டை, முனை மழுங்கிய பென்சில், நீளமான நோட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விரலை ஆட்டினால் தொடங்க வேண்டியதுதான்.

சபை நடத்தும் அந்த வானொலி ஒரு சைக்கிள் கடையின் மாடியில் பிறந்தது. வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று சபையார் வீடு வீடாக முட்டை அட்டைகளைச் சேகரித்துச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். அப்படியும் வேத வாசிப்புக்கு நடுவில் கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டினால் வெறும் இரைச்சல். இன்றைக்கு அப்படியா? ஐந்து டவர்கள், சொந்தக் கட்டடம், பக்கவாட்டில் பெயர் எழுதிய வேன், இரண்டு மொழியில் செய்தி. பாஸ்டர் பிரசங்கத்தில் ‘விரிவாக்கம்’ என்ற சொல் வராத ஞாயிறு இல்லை. ஆறாவது டவர் மலைமுகட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அது ஓடத் தொடங்கினால் முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் சத்தம் போகும்.

எத்தனை டவர் வந்தாலும் ஜெபப்பட்டியலின் சட்டம் மட்டும் மாறவில்லை. பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஜனங்கள் போன் செய்து குறிப்புச் சொல்வார்கள். பெயர் எழுதுவதில்லை, ஒரு சகோதரன், ஒரு சகோதரி, அவ்வளவுதான். சொன்னதைச் சொன்னபடி எழுதி, எழுதினதை எழுதினபடி படிக்க வேண்டும். குறிப்புக் கொடுத்தவரே மறுபடி கூப்பிட்டு, பதில் கிடைத்துவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லும்வரை அந்த நம்பர் பட்டியலில் இருக்கும். முழங்கால் வலி, வீட்டைவிட்டுப் போன மகன், பரீட்சை, விசா, குடி. சிலது ஒரு வாரத்தில் போய்விடும். சிலது தங்கிவிடும்.

நாலு வருடமாகத் தங்கியிருந்தது ஏழாம் நம்பர்.

“ஏழு. ஒரு சகோதரி. பதினாலு வயசிலேருந்து வலிப்பு. புகுந்த வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை. தினமும் நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிறாள். போன வருஷம் வலது முழங்கைக்குக் கீழே தீக்காயம் பட்டது. அவள் நிற்கிற இடத்தில் கர்த்தர் அவளைத் தாங்க வேண்டும்.”

இதைப் பட்டியலம்மா நோட்டைப் பார்த்துப் படிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஏனென்றால் அந்தச் சகோதரி அவள் பெற்ற மகள்.

முன்பு இரண்டு சம்பந்தம் வந்து, உண்மையைச் சொன்னதும் வந்த வழியே போய்விட்டது. மூன்றாவதாக முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேக்கரிக் குடும்பம் வந்தபோது, கல்யாணம் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாயும் மகளும் பேசி முடிவு செய்தார்கள். தகப்பனுக்கும் அது தெரியும். அந்த ‘மெதுவாக’ வரவேயில்லை. கல்யாணமான எட்டாம் நாள், மனசு கேட்காமல், பட்டியலம்மா மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு, தன் குறிப்பைத் தானே எழுதி ஏழாம் நம்பரில் வைத்தாள்; தீக்காயத்தைப் பிறகு சேர்த்தாள். அந்த வாரம்தான் ஏழு காலியாக இருந்தது. யார் கேட்டுவிடப் போகிறார்கள்? பேருந்து முகட்டில் ஏறித் தண்ணீர்த்தொட்டி வளைவில் திரும்பும்போது டிரைவரின் ரேடியோ கரகரத்துச் செத்துப்போவதை அவளே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அந்த வளைவுக்கு அப்பால் கர்த்தர் கேட்பார். சம்பந்தி கேட்க முடியாது.

இந்தப் பக்கத்தில் சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். புரிந்தவர்கள் புரியாதது மாதிரியே ஜெபித்தார்கள். மற்றவர்களுக்கு ஏழாம் நம்பர் சொந்தக்காரப் பெண்ணாகிவிட்டாள். தையல் கடையிலும் மருந்துக் கடையிலும், “அந்த வலிப்புப் பொண்ணு எப்படி இருக்கா?” என்று பட்டியலம்மாவையே நிறுத்திக் கேட்பார்கள். “இருக்கா” என்பாள். நாலு வருடத்தில் இரண்டே முறைதான் வலிப்பு வந்தது. இரண்டு முறையும் யாரும் பார்க்கவில்லை. மாத்திரையா, ஜெபமா என்று பிரித்துப் பார்க்கிற துணிச்சல் தாய்க்கு இல்லை. அதனால் ஏழாம் நம்பரை எடுக்கவும் துணிச்சல் இல்லை.

*

வீட்டுக்காரரை எல்லாரும் டவர்காரர் என்றே அழைத்தார்கள். சைக்கிள் கடை மாடியில் முதல் ஏரியலைக் கட்டியவர் அவர்தான். சோறு தின்னும்போதுகூட மேஜை மேல் சின்ன ரேடியோ இருக்கும். ஆனால் அவர் வானொலி கேட்கிற ஆள் இல்லை. வானொலி சரியாகக் கேட்கிறதா என்று கேட்கிற ஆள். இரைச்சல் இருக்கிறதா, பக்கத்து நிலையம் உள்ளே நுழைகிறதா, சத்தம் ஏறி இறங்குகிறதா. இதிலேயே காது போய்விடும். நடுவில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் விழிப்பார்.

அன்று புதன்கிழமை. வெளியே நாலு நாளாக விடாத தூறல். கம்பி வேலை செய்து வெடித்த விரல்களில் களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை மட்டும் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

“கால ஆட்டாதீங்க. மேஜை ஆடுது” என்றாள் பட்டியலம்மா.

“காத்து மட்டும் கொஞ்சம் நின்னா போதும். மேல ஒரு போல்ட்டு பாக்கி.”

“என்னைக்கு ஆன் பண்றீங்க?”

“எத்தன தடவ கேப்ப? அடுத்த மாசம் மொத ஞாயிறு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, சுவிட்சு போட்டு, போட்டோ எடுத்து... அதெல்லாம் இல்லாம விடுவாரா?”

“அதுக்கு முன்னாடி ஆன் பண்ண மாட்டீங்கல்ல?”

“நீ என்ன, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள மாதிரி தேதி தேதின்னு உயிர வாங்குற?”

அவள் மனதுக்குள் நாள் எண்ணினாள். இன்னும் பதினெட்டு. பதினேழாம் நாள் வரைக்கும் ஏழாம் நம்பரைப் படிக்கலாம். அதற்குள் மகளை அழைத்து, வீட்டில் சொல்லிவிடு என்று சொல்ல வேண்டும். போன வாரமும் இதையே நினைத்தாள்.

“என்னங்க, இவ விஷயத்த அவங்க வீட்டுல சொல்லிடலாமா?”

“எவ விஷயம்?” என்றார் அவர், ரேடியோவைக் காதருகே கொண்டுபோய்க்கொண்டே. “பாரு, இந்த எடத்துல ஒரு ‘ஸ்ஸ்’ வருது பாரு. உனக்குக் கேக்குதா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலமே காற்று நின்றது. போல்ட்டும் ஏறியது. முகட்டு ஷெட்டுக்குள் டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டுப் பார்த்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோதனைக்கு ஓடவிட எவர் அனுமதியும் தேவையில்லை. அது அவர் வேலை. ஆனால் அவர் யோசனை வேறு. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. தேதி தேதி என்று கேட்டுக்கொண்டிருந்தது ஆசையினால் என்றே அவர் நம்பினார். மகள் வீட்டில் தன் குரல் எப்போது கேட்கும் என்ற ஆசை. அந்த ஆசையை நாளைக்கே தீர்த்துவைத்தால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டவர்காரர் புது ரேடியோ ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பேக்கரியின் பின்வாசலில் நின்றார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வேலை. நீள மேஜையில் மாவு. இரண்டு பேர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை முழங்கைவரை வெள்ளையாக நின்று எடை பார்த்தார். சுவரோடு சேர்ந்த பெரிய செங்கல் அடுப்பு. அதன் வாயருகே, நீளமான பிடி வைத்த மரத்துடுப்போடு மகள் நின்றாள். தட்டை உள்ளே தள்ளுவதும் வெந்ததை இழுப்பதும் அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்று மாமியாரே கொடுத்த இடம் அது.

“வாங்க சம்பந்தி! என்ன, சொல்லாம கொள்ளாம?” என்று பேக்கரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உருண்டு திரண்ட உடம்பு, ஊரே கேட்கும் குரல். “உக்காருங்க. சூடா ஒரு பன் பிச்சுத் தரவா? சம்பந்தியம்மாவ ஏன் கூட்டிட்டு வரல?”

“கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“எங்க?”

டவர்காரர் பையைத் தட்டினார். “இதுக்குள்ள.”

“அய்யோ, மனுசன் நல்லாத்தான இருந்தாரு” என்று பேக்கரியம்மா மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் ரேடியோவை மாவு மேஜையின் ஓரத்தில் வைத்து, கம்பியை இழுத்து நிமிர்த்தினார். மகள் துடுப்பைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அப்பா, இங்க கேக்காதே?”

“நேத்துவரைக்கும் கேக்காது.”

“அடுத்த மாசம்னு அம்மா சொன்னாங்க...”

“உங்கம்மாவுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்துல மொத மொத கேக்கப்போறது நீங்கதான்” என்று குமிழைத் திருகினார். ஒரு பாட்டின் கடைசி அடி, கண்ணாடிபோல் சுத்தமாக வந்து விழுந்தது. உருட்டிக்கொண்டிருந்த இருவரும் கையை நிறுத்தினார்கள். முன்கடையில் ரஸ்க் வாங்க வந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

“அப்பா, அத நிறுத்துங்க.”

“இரும்மா, இப்பதான ஆரம்பிக்குது.”

“அப்பா, வேலை நேரம். அப்புறமா கேக்கலாம்ப்பா, ப்ளீஸ்.”

“சும்மா இரு நீ” என்றாள் பேக்கரியம்மா. “எங்க சம்பந்தியம்மா ரேடியோவுல பேசுறாங்கன்னு நாலு வருஷமா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிறேன். ஒரு நாளாச்சும் காதால கேட்டிருக்கேனா? எல்லாரும் வாங்கடா!”

பட்டியலம்மாவின் குரல் வந்தது. காலை வணக்கம் சொன்னது. பேக்கரியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “அப்படியே பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கே!” டவர்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குறிப்புகள் போயின. மகள் தகப்பனைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், மேஜையைச் சுற்றி அதனருகே வர முயன்றாள். நடுவில் மாவு மூட்டையும் நாலைந்து ஆட்களும் நின்றார்கள்.

“ஏழு. ஒரு சகோதரி. பதினாலு வயசிலேருந்து வலிப்பு.”

“பாவம்” என்றாள் பேக்கரியம்மா.

“புகுந்த வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை. தினமும் நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிறாள்.”

டவர்காரர் கம்பியை ஒரு விரற்கடை திருப்பினார். “பாத்தீங்களா சம்பந்தி? ஒரு ‘ஸ்ஸ்’ கெடையாது. இவ்வளவு தூரம் தாண்டி வருது, கொஞ்சமாச்சும் இரைச்சல் இருக்கா சொல்லுங்க!”

“போன வருஷம் வலது முழங்கைக்குக் கீழே தீக்காயம் பட்டது.”

துடுப்பு சாய்ந்து தரையில் விழுந்தது. பேக்கரியம்மா திரும்பினாள். அவள் ரேடியோவைப் பார்க்கவில்லை, மருமகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தாள். அந்தக் காயத்துக்கு இருபத்து மூன்று நாள் மருந்து போட்டுக் கட்டியவள் அவள்தான். எப்படிப் பட்டது என்று கேட்டதற்கு, தூக்கக் கலக்கத்தில் தட்டு வழுக்கிவிட்டது என்றாள் மருமகள். பேக்கரியம்மா நம்பினாள்.

எட்டாம் நம்பர் தன்பாட்டுக்கு வந்தது. ஒரு சகோதரனின் முதுகுவலி. டவர்காரர் அப்போதுதான் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். அவர் காதில் விழுந்திருந்ததெல்லாம் அப்போதுதான் மனதில் விழுந்தது. கை தன்னால் குமிழை அணைத்தது.

பேக்கரியம்மா நடந்து போய் அடுப்பு வாய்க்கும் மருமகளுக்கும் நடுவில் நின்றாள். முதுகில் அனல் அடித்தது, நகரவில்லை.

“நாலு வருஷம்” என்றாள். ஊரே கேட்கும் குரல் உள்ளே போயிருந்தது. “நாலு வருஷமா இங்க நிக்க வெச்சிருக்கேன்டி உன்ன.”

“அத்தை...”

“பேசாத.” மகனைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

மாப்பிள்ளை இல்லை என்று தலையசைத்தார். எடைத்தட்டில் இருந்த மாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு மூட்டைகள் இருந்த அறைக்குள் போய்விட்டார். உள்ளே மூட்டையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தேவையில்லாத இழுப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

“சம்பந்தி, நாங்க வேணும்னு...” என்று டவர்காரர் ஆரம்பித்தார்.

“நீங்க கெளம்புங்க.”

“பொண்ண வேணா நான் கூட...”

“அவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்கயும் வரமாட்டா. நீங்க கெளம்புங்க.”

அவர் ரேடியோவைப் பையில் வைக்கப் போனார்.

“அது இங்க இருக்கட்டும்” என்றாள் பேக்கரியம்மா.

*

வேனில் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் அடுப்படிவரை வந்தார். பட்டியலம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை நறுக்கிக்கொண்டேயிருந்தாள். ஒரு வேளைக்கு எதற்கு அத்தனை வெங்காயம்?

“நீ ஏன் அதப் படிச்ச?” என்றார் கடைசியில்.

“நீங்க ஏன் ரேடியோவத் தூக்கிட்டுப் போனீங்க?”

“எனக்கு எப்படித் தெரியும், நீ ஊர் பூரா தமுக்கு அடிக்கிறன்னு?”

“நாலு வருஷமா படிக்கிறேன். தினம், ஞாயிறு தவிர தினம். இந்த மேஜையில உக்காந்து கேட்டுட்டே சாப்பிட்டிருக்கீங்க.”

“நான் கேட்டேனா?”

“அதத்தான் நானும் சொல்றேன். கேட்டீங்களா?”

அவர் குழாயடியில் போய்க் கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார்.

“அடுப்புக்கு முன்னாடி வந்து நின்னுகிட்டாங்க” என்றார் அங்கிருந்தே.

“யாரு?”

“அந்தம்மாதான். இவள மறைச்சு நின்னுகிட்டாங்க. அடிக்க வர்றாங்கன்னுதான் நான் நெனச்சேன்.”

பட்டியலம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாலு வருடமாக அந்த அடுப்பை நினைத்துப் பயந்தவள் தான் ஒருத்திதான் என்று இருந்தாள். சம்பந்தியிடம் சொல்லியிருந்தால் முதல் நாளே அந்த இடத்தை மாற்றியிருப்பாள். சம்பந்தம் போய்விடுமே என்று மகளை நெருப்புக்கு முன்னால் நிறுத்திவைத்தது தான்தான். இதை நினைத்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

மகளின் போன் அணைந்திருந்தது. மாப்பிள்ளையின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மாலைவரை பத்து முறை, பதினைந்து முறை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மின்விசிறி நின்றது. ஒன்றிலிருந்து ஆறுவரை பட்டியலம்மா படித்தாள். அந்தப் பக்கம், மாவு மேஜை ஓரத்தில், அந்த ரேடியோ இருக்கிறது. “எட்டு” என்றாள். “ஒரு சகோதரன். முதுகுவலி.”

நிகழ்ச்சி முடியும் முன்பே போன் அடிக்க ஆரம்பித்தது.

“ஏழு படிக்கலையே, என்னாச்சும்மா?”

“ஏழுக்குச் சொகமாயிடுச்சா?”

ஒரு கிழவர் நேராகவே கேட்டார். “செத்துட்டாளா?”

“இல்லய்யா, இல்லய்யா” என்று பதறினாள். “இருக்கா.” சொன்ன பிறகுதான், இருக்கிறாளா என்று தனக்கே தெரியாது என்பது உறைத்தது.

பாஸ்டர் அறையிலிருந்து உற்சாகமாக வந்தார். “முகட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து பன்னெண்டு போன் வந்திருக்கு! சோதனை ஓட்டத்துக்கே! டவர்காரர் கெட்டிக்காரர்தான். என்ன, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“புழுக்கம்” என்றாள்.

டவர்காரர் அன்று முழுக்க முகட்டிலேயே கிடந்தார். சுவிட்சை அணைத்துவிடலாமா என்று கைவைத்துக் கைவைத்து எடுத்தார். அணைத்து என்ன ஆகப்போகிறது? டவரின் பாதி உயரத்தில் ஏறினால் பேக்கரியின் புகைபோக்கி தெரியும். மணிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தார். அறுபதை நெருங்குகிற வயதில், தூறலில், கையில் கருவி ஒன்றும் இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“புகை வந்துச்சா?”

“வந்துச்சு.”

அடுப்பு எரிகிறதென்றால் வீட்டில் துக்கம் ஒன்றும் இல்லை. அந்த அளவுக்கு ஆறுதல். மற்றபடி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். மேஜையில் ரேடியோ இல்லை. அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

*

சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு, குறிப்பு எழுதும் மேஜையில் போன் அடித்தது.

“ஜெபக்குறிப்பு சொல்லணும்” என்றது குரல். ஊரே கேட்கும் குரல்.

பட்டியலம்மாவின் பென்சில் நோட்டின் மேல் நின்றது. என்ன பேசுவது? பதினெட்டு வருடப் பழக்கம் வாயில் வந்தது. “சொல்லுங்க சகோதரி.”

“நேத்தும் இன்னைக்கும் ஏழு படிக்கல. ஏன்?”

“அது... அது படிக்கிற மாதிரி...”

“சுகமானாத்தான எடுக்கணும்? சுகமாகல. வியாழக்கிழமை மத்தியானம் வந்துச்சு. என் மடியிலதான் வந்துச்சு.”

பட்டியலம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. என் உசிரு போயிடுச்சு. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தோம். நல்லா தூங்குறா, சாப்புடுறா. மாத்திரை எங்கடி வெச்சிருக்கன்னு கேட்டா, ஈஸ்ட்டு டப்பாக்குள்ளயாம். நாலு வருஷமா மாவு அளக்குற சாக்குல போய்ப் போய் முழுங்கியிருக்கா. இப்ப சாப்பாட்டு மேஜை மேல உப்புக்குப் பக்கத்துல இருக்கு. எம்புள்ளதான் எடுத்துக் குடுக்கிறான். இன்னும் அவகிட்ட சரியா பேசல. ஆனா குடுக்கிறான்.”

“ஸ்தோத்திரம்” என்றாள் பட்டியலம்மா.

“எழுதிக்கோங்க. ஏழுல ரெண்டு எடம் மாத்தணும். புகுந்த வீட்டாருக்குச் சொல்லலைன்னு வருதுல்ல, அத எடுத்துடுங்க. நெருப்புக்கு முன்னால நிக்குறாங்கிறதையும் எடுத்துடுங்க. அவ இப்ப முன்கடையில உக்காந்து கல்லா பாக்குறா. மீதி அப்படியே இருக்கட்டும்.”

“குறிப்பு... குடுத்தவங்க மட்டும்தான் மாத்த முடியும், சகோதரி. சட்டம்.”

“அப்படியா? குடுத்தவங்ககிட்ட கேட்டு மாத்துங்க.”

அவள் மாற்றினாள். மழுங்கிய பென்சிலால் இரண்டு வரியையும் அடித்தாள்.

“அப்புறம், புதுசா ஒண்ணு. இது என் குறிப்பு. ஒரு அம்மா. மக வாழ்க்கை போயிடுமோன்னு பயந்து, அஞ்சு டவர் ஊருக்குச் சொன்னாங்க. சொல்ல வேண்டிய வீட்டுக்குச் சொல்லல. எழுதிட்டீங்களா?”

“எழுதுறேன்.”

“அந்த அம்மா நேர்ல வந்து அத சொல்லணும். அதுக்கு அவங்களுக்குத் தைரியம் குடுக்கணும். அவ்வளவுதான். நான் எடுக்கச் சொல்ற வரைக்கும் லிஸ்டுல இருக்கட்டும்.”

“வேற ஏதாவது...”

“நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க” என்றாள் பேக்கரியம்மா. “என் கையால மருந்து போட்டேன் அந்தக் கைக்கு.” போன் வைக்கப்பட்டது.

*

திங்கட்கிழமை ஒன்பதரை. முகட்டு ஷெட்டில் டவர்காரர் ரேடியோவைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரைச்சலைக் கேட்கவில்லை. முதல் முறையாக ஒவ்வொரு குறிப்பையும் கேட்டார். ஆறாம் நம்பரில் யாரோ ஒரு சகோதரன் இரண்டு வருடமாக வேலை தேடுகிறான் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

“ஏழு” என்றது அவர் மனைவியின் குரல். “ஒரு சகோதரி. பதினாலு வயசிலேருந்து வலிப்பு. போன வருஷம் வலது முழங்கைக்குக் கீழே தீக்காயம் பட்டது. அவள் நிற்கிற இடத்தில் கர்த்தர் அவளைத் தாங்க வேண்டும்.”

பிறகு எட்டு, ஒன்பது, இருபது, அறுபது. கடைசி நம்பர் நூற்றுப் பதினான்கு. “ஒரு அம்மா” என்று தொடங்கினாள். எழுதினதை எழுதினபடி, ஒரு சொல் விடாமல், ஆறு டவருக்கும் படித்தாள். படித்து முடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. ஐந்து விநாடி, பத்து விநாடி. வேறொரு நாளாக இருந்தால் டவர்காரர் துள்ளி எழுந்து கம்பிகளைப் பிடித்து ஆட்டியிருப்பார். அன்று மீட்டரைப் பார்த்தார். எல்லா முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமென்” என்றது குரல்.

பத்தரைப் பேருந்தில் பட்டியலம்மா தனியாக ஏறினாள். வேனில் கூட்டிப்போகிறேன் என்று கணவர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானை நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக வந்தாள். நாலு வரி மனதில் தயார் செய்தாள், நாலும் கலைந்துபோயின. டிரைவரின் ரேடியோவில் நிலையத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த்தொட்டி வளைவு வந்தது. பேருந்து திரும்பியது. பாட்டு நிற்கவில்லை. சரிவு முழுக்கக் கூடவே வந்தது.

பேக்கரியின் முன்கடையில் கல்லாவுக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். தாயைப் பார்த்ததும் எழுந்தாள், பாதியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போங்க என்று கண்ணாலேயே காட்டினாள்.

பின்பக்கம் அடுப்பு வாயருகே பேக்கரியம்மாவே துடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து வியர்வை வழிந்தது. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தட்டை வெளியே இழுத்து வைத்தாள். துடுப்பைச் சுவரில் சாத்தினாள். மேஜைக்குப் போய், மாவுக்கையோடு ரேடியோவை அணைத்தாள். பாட்டு நின்றது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

“இப்ப சொல்லுங்க” என்றாள்.

பட்டியலம்மாவின் எதிரே மைக் இல்லை, வெந்நீர் இல்லை, நோட்டு இல்லை. தினமும் நூறு பேர் வீட்டு விஷயத்தைத் தடங்கலில்லாமல் படிக்கிறவளுக்கு நாக்கு எழவில்லை. பேக்கரியம்மா காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

“ஒரு...” என்றாள் பட்டியலம்மா. நிறுத்தினாள். சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“என் மகளுக்கு வலிப்பு இருக்குங்க சம்பந்தி.”